கடலே இல்லாத நாட்டுக்கு எரிவாயு எப்படி வந்து சேர்கிறது? ஸ்லோவாக்கியாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

2009 ஜனவரியில் ஸ்லோவாக்கியாவுக்கு வந்துகொண்டிருந்த ரஷ்ய எரிவாயு திடீரென்று நின்றுபோனது. அரசு உடனே நெருக்கடி நிலையை அறிவித்தது. பெரிய தொழிற்சாலைகளுக்கான வாயுவைக் குறைத்தார்கள். கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. மூடி இரண்டு வாரம்கூட ஆகாத ஓர் அணு உலையைத் திரும்ப இயக்குவது என்று அமைச்சரவை முடிவெடுக்கும் அளவுக்கு நிலைமை போனது.

2025 ஜனவரி 1 காலையில் அதே குழாயில் அதே வாயு மறுபடியும் நின்றது. இந்த முறை எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை, எந்த ஆலையும் நிற்கவில்லை. இரண்டு தடவையும் பிரதமர் ஒருவர்தான்: ராபர்ட் ஃபிகோ.

இடைப்பட்ட 16 ஆண்டுகளில் அந்த நாட்டில் பெரிய எரிவாயு வயல் எதுவும் கிடைத்துவிடவில்லை. சொந்த உற்பத்தி இன்றைக்கும் பெயரளவுக்குத்தான். பிறகு எது மாறியது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், எரிவாயுப் பாதுகாப்பு என்று ஐரோப்பியச் செய்திகளில் தினம் பேசப்படும் விஷயத்தில் பாதி புரிந்துவிடும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரை இல்லாத நாட்டைக் காப்பாற்றுவது குழாயின் பருமன் அல்ல. அந்தக் குழாயில் வாயு இரண்டு பக்கமும் ஓட முடிகிறதா, பக்கத்து நாடு வழிவிடுகிறதா என்பவைதான்.

எண்ணெய் மாதிரி இல்லை, வாயு

ஒரு தெளிவோடு தொடங்கலாம். நம் சமையலறை சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஓரளவு அழுத்தினாலே திரவமாகிவிடும் என்பதால் லாரியில் ஏற்றி எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். இயற்கை எரிவாயு வேறு. அது பெரும்பாலும் மீத்தேன். சாதாரண வெப்பநிலையில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால்தான் திரவமாகும். அப்போது அதன் கன அளவு ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதுதான் எல்.என்.ஜி. அதற்கென்றே கட்டிய கப்பல், அந்தக் கப்பல் வந்து நிற்கத் துறைமுகம், அங்கே திரவத்தைத் திரும்ப வாயுவாக்கும் முனையம் என்று பெரிய ஏற்பாடு வேண்டும்.

கடற்கரை இல்லாத நாட்டுக்கு இதில் எதுவும் சொந்தமாக இருக்க முடியாது. ஆகவே மிச்சமிருப்பது குழாய். அந்தக் குழாயும் இன்னொரு நாட்டின் மண்ணைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். எண்ணெய் என்றால் ஒரு வழி அடைபட்டாலும் ரயிலிலோ டேங்கரிலோ கொஞ்சம் கொண்டுவந்து சமாளிக்கலாம். வாயுவில், ஒரு நாடு முழுவதற்கும் ஆகும் அளவில், அது நடக்காது.

குழாய் பதிக்கப் பெரும் பணம் வேண்டும். பதித்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். போட்ட முதலைத் திரும்ப எடுக்க விற்பவர் நீண்டகால ஒப்பந்தம் கேட்பார். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவ்வளவுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கும். வாங்குபவர், விற்பவர், நடுவில் வழிவிடும் நாடு, மூன்று பேரும் ஒரே குழாயால் பல வருஷங்களுக்குப் பிணைக்கப்படுகிறார்கள்.

கிழக்கிலிருந்து மேற்கே, ஒரே திசையில்

ஸ்லோவாக்கியாவின் மக்கள்தொகை சுமார் 54 லட்சம். சுற்றிலும் ஐந்து நாடுகள்: செக் குடியரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி, போலந்து, உக்ரைன். செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்தபோது, 1967-இல், 'சகோதரத்துவம்' என்று பெயரிடப்பட்ட சோவியத் குழாய் உக்ரைன் வழியாக இங்கே வந்தது. அடுத்த வருஷம் ஆஸ்திரியாவும் அதில் சேர்ந்தது. சோவியத் எரிவாயுவுக்கு ஒப்பந்தம் போட்ட முதல் மேற்கு ஐரோப்பிய நாடு அதுதான். பிறகு ஜெர்மனி, இத்தாலி என்று வாடிக்கையாளர்கள் கூடக்கூட, பக்கத்திலேயே இன்னொரு குழாய், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று பதித்துக்கொண்டே போனார்கள்.

உக்ரைனின் உஷ்ஹோரோத் நகரைத் தாண்டியதும் ஸ்லோவாக்கிய எல்லையில் வெல்கே கபுஷானி என்ற சிறு ஊர். வாயு உள்ளே நுழைவது அங்கே. நாட்டின் குறுக்கே ஓடி மேற்கில் இரண்டாகப் பிரியும்: ஒன்று லான்ஷோட் வழியாக செக் நாட்டுக்கு, மற்றொன்று ஆஸ்திரியாவின் பாம்கார்ட்டனுக்கு. உச்சத்தில் இந்தக் குழாய்த்தொகுதி ஆண்டுக்கு 9,000 கோடி கன மீட்டர் கடத்தும் திறன் கொண்டிருந்தது. ஸ்லோவாக்கியாவின் சொந்தத் தேவை அன்றைக்குச் சுமார் 600 கோடிதான். அதாவது வீட்டு வாசலில் ஐரோப்பாவின் பெரிய வாயுப் பாதைகளில் ஒன்று. தன் வழியே வாயு போவதற்கு வாங்கிய கடத்தல் கட்டணமாக நல்ல வருமானமும் வந்தது.

வாயு தானாக ஓடாது. குழாயில் உரசி உரசி அழுத்தம் குறைந்துகொண்டே வரும். அதனால் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு கம்ப்ரஸர் நிலையம் வைத்து மறுபடி அழுத்தி அனுப்ப வேண்டும். இந்த நிலையங்கள் எல்லாம் கிழக்குப் பக்கம் வாயுவை உள்ளே இழுத்து மேற்குப் பக்கம் தள்ளும்படி அமைக்கப்பட்டவை. வேறு திசையில் தள்ள வேண்டிய நாள் வரும் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை. நினைக்கக் காரணமும் இருக்கவில்லை. வாயு இருந்தது கிழக்கில், காசு இருந்தது மேற்கில்.

பதின்மூன்று நாள்

2009 ஜனவரி 1 அன்று, விலையும் பாக்கியும் குறித்த தகராறில், ரஷ்யாவின் அரசு வாயு நிறுவனமான காஸ்ப்ரோம் உக்ரைனுக்கான வாயுவை நிறுத்தியது. ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதை உக்ரைன் வழியில் எடுத்துக்கொள்கிறது என்று ரஷ்யா குற்றம் சாட்டியது; உக்ரைன் மறுத்தது. 6-ஆம் தேதி ஸ்லோவாக்கியாவுக்கு வரும் வாயு மளமளவென்று குறைந்தது. 7-ஆம் தேதி உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த மொத்தமும் நின்றது. மறுபடி வரத் தொடங்கியது 20-ஆம் தேதி. நடு ஜனவரி, கடும் குளிர்.

ஸ்லோவாக்கியாவில் அப்போது வாயு இல்லாமல் இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாட்டின் மேற்கு மூலையில், லாப் என்ற ஊருக்கு அருகே நிலத்தடியில் பெரிய சேமிப்பு இருந்தது. பக்கத்தில் செக் நாட்டிலும், அதைத் தாண்டி ஜெர்மனியிலும், நார்வேயிலிருந்து வந்த வாயு கிடைத்தது. ஆனால் எல்லாம் மேற்கே இருந்தன. கிழக்கே வாயு வரவில்லை. குழாய்த்தொகுதியோ கிழக்கிலிருந்து மேற்கே மட்டும் தள்ளத் தெரிந்தது. கொஷிட்சே போன்ற கிழக்கு நகரங்களுக்கு மேற்கிலிருந்து போதிய அழுத்தத்தில் அனுப்ப வழி இருக்கவில்லை. சேமிப்பிலிருந்து ஒரு நாளில் எடுக்க முடிந்த அளவுக்கும் வரம்பு இருந்தது. வீடுகளையும் மருத்துவமனைகளையும் காப்பாற்றுவதற்காகத் தொழிற்சாலைகளை நிறுத்தினார்கள்.

அணு உலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது கொடுத்த வாக்குப்படி, போஹுனிச்சேவிலிருந்த பழைய உலை ஒன்றை 2008 டிசம்பர் 31 அன்று மூடியிருந்தார்கள். வாயு குறைந்தால் மின்கட்டமைப்பும் ஆடும் என்று பயந்து, ஒன்றியத்துக்குக் கொடுத்த வாக்கை மீறியாவது அதைத் திரும்ப இயக்குவது என்று ஜனவரி 10 அன்று அரசு முடிவெடுத்தது. கடைசியில் அதற்குத் தேவை வரவில்லை.

தேவை வராமல் போனதற்குப் பொறியாளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். செக் நாட்டுக் குழாய் நிறுவனமும் ஸ்லோவாக்கிய நிறுவனமும் சேர்ந்து, சில நாட்களுக்குள் அவசர மாற்றங்கள் செய்து, ஜனவரி 18 அன்று வாயுவை மேற்கிலிருந்து கிழக்கே ஓட வைத்தார்கள். நாற்பது வருஷமாக ஒரே திசையில் ஓடிய குழாயில் முதல்முறையாக எதிர்த்திசை ஓட்டம். இந்த ஒரு நிகழ்வுக்காகவே 2009 நெருக்கடியை எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவரை பூகோள விதி போலத் தோன்றிய ஒன்று, வால்வும் இணைப்புக்குழாயும் சம்பந்தப்பட்ட வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதே ஜனவரியில் பல்கேரியாவும் மிக மோசமாக அடிபட்டது. பல்கேரியாவுக்குக் கருங்கடல் கரை உண்டு. ஆனால் முனையம் கிடையாது, மாற்றுக் குழாயும் அன்றைக்குக் கிடையாது. கடல் இருந்தால் மட்டும் போதாது.

குழாயைத் திருப்புவது என்றால் என்ன?

ஒரு கம்ப்ரஸர் நிலையத்துக்கு உறிஞ்சும் பக்கம் ஒன்று, தள்ளும் பக்கம் ஒன்று. கம்ப்ரஸரைப் பின்னோக்கிச் சுற்ற வைத்துத் திசையை மாற்ற முடியாது. மேற்கிலிருந்து வரும் வாயு உறிஞ்சும் பக்கத்துக்குப் போய்ச் சேரும்படி, நிலையத்துக்குள் புதிய இணைப்புக் குழாய்களையும் வால்வுகளையும் போட வேண்டும். எல்லையில் இருக்கும் அளவீட்டு நிலையமும் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். எவ்வளவு வந்தது என்று தெரியாமல் யாரும் பில் போட மாட்டார்கள். இரண்டு பக்கத்து அழுத்தமும், வாயுவின் தரமும் ஒத்துப்போக வேண்டும்.

தரம் என்றால் எவ்வளவு சின்ன விஷயமும் தடையாகலாம் என்பதற்கு பிரான்ஸ் நல்ல உதாரணம். இயற்கை எரிவாயுவுக்கு மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று நாற்றமடிக்கும் பொருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஜெர்மனியில் அதை ஊர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் கட்டத்தில் சேர்க்கிறார்கள். பிரான்ஸிலோ நாட்டுக்குள் நுழையும்போதே பெரிய குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். இதனால் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸுக்கு ஓடிய வாயு, பிரான்ஸிலிருந்து ஜெர்மனிக்கு ஓட முடியாமல் இருந்தது. 2022 அக்டோபரில்தான், ஏற்பாடுகள் செய்து, சிறிய அளவில் அனுப்பத் தொடங்கினார்கள்.

சரி, ஸ்லோவாக்கியாவுக்கு வருவோம். 2009-க்குப் பிறகு செக் எல்லையிலும் ஆஸ்திரிய எல்லையிலும் நிரந்தரமாக இருதிசை ஓட்டம் அமைத்தார்கள். 2014 செப்டம்பரில், அதிகம் பயன்படாமல் கிடந்த வோயானி குழாயைச் சீர்செய்து, உக்ரைனுக்கே மேற்கிலிருந்து வாயு அனுப்பத் தொடங்கினார்கள். எந்த நாட்டைத் தாண்டி வாயு வந்ததோ அந்த நாட்டுக்கே வாயு திரும்பிப் போனது. 2015 நவம்பர் முதல் உக்ரைன் ரஷ்யாவிடம் நேரடியாக வாங்குவதை நிறுத்த முடிந்ததில் இந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு. 2015-இல் ஹங்கேரியோடு ஓர் இணைப்பு இயங்கத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் போலந்தோடு இன்னொன்று திறக்கப்பட்டது. போலந்திலிருந்து ஸ்லோவாக்கியாவுக்கு ஆண்டுக்கு 570 கோடி கன மீட்டர் வரை, எதிர்த்திசையில் 470 கோடி வரை அதில் அனுப்பலாம். ஸ்லோவாக்கியாவின் இன்றைய ஆண்டுத் தேவை 400 முதல் 500 கோடிக்குள்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு இணைப்பே எவ்வளவு பெரியது என்று புரியும்.

நிலத்துக்கு அடியில் ஒரு குளிர்காலம்

ஐரோப்பாவில் வாயுவின் பெரும் பயன் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது. ஸ்லோவாக்கியாவில் பெரும்பாலான ஊர்களுக்கு வாயு இணைப்பு போயிருக்கிறது. மின்சாரத்துக்கு அவர்கள் அணு உலைகளையே பெரிதும் நம்புவதால், வாயுவை எரிப்பது பெரும்பாலும் கொதிகலன்களிலும் தொழிற்சாலைகளிலும்தான். ஷலா நகரிலுள்ள டூஸ்லோ உர ஆலை ஒன்றே மிகப் பெரிய வாடிக்கையாளர். உர ஆலை வருஷம் பூராவும் ஒரே சீராக எடுக்கும். வீடுகளோ ஜனவரியில் எடுப்பதில் சிறு பங்கைத்தான் ஜூலையில் எடுக்கும். ஜனவரித் தேவைக்கு ஏற்ற மாதிரி வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பது கட்டுப்படியாகாது. அதனால் கோடையில் வாங்கி நிலத்துக்கு அடியில் நிரப்பி, குளிரில் எடுக்கிறார்கள்.

நிரப்புவது தொட்டியில் அல்ல. ஒருகாலத்தில் எரிவாயு எடுத்துத் தீர்ந்துபோன பாறை அடுக்குகளில். பல லட்சம் ஆண்டுகள் வாயுவைக் கசியாமல் வைத்திருந்த பாறை, இன்னும் வைத்திருக்கும் என்ற நம்பிக்கை. லாப் பகுதியில் நாஃப்டா, பொஸாகாஸ் ஆகிய நிறுவனங்கள் நடத்தும் சேமிப்புகளின் கொள்ளளவு நாட்டின் ஓராண்டுத் தேவையில் பாதிக்கும் வெகுவாக மேலே. இப்படி ஒரு வசதி எல்லா நாட்டுக்கும் வாய்க்காது. ஸ்விட்சர்லாந்தும் கடல் இல்லாத நாடு. அங்கே பருவத் தேவையைத் தாங்கும் அளவுக்குச் சொந்தச் சேமிப்பு கிடையாது, பிரான்ஸில் இடம் பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் சேமிப்பு பற்றிச் செய்தியில் வரும் சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மூன்று விஷயங்கள் அந்த எண்ணில் தெரியாது.

முதலாவது அழுத்தம். பாறைக்குள் வாயு நிறைந்திருக்கும்போது அது வேகமாக மேலே வரும். தீரத் தீர வேகம் குறையும். பிப்ரவரிக் கடைசியில் 30 சதவீதம் இருக்கிறது என்றால் 30 சதவீதம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஒரு கடுங்குளிர் அலை வந்தால், ஒரு நாளில் எடுக்க முடிவது நவம்பரில் எடுக்க முடிந்ததைவிட மிகவும் குறைவு.

இரண்டாவது, அந்த வாயு யாருடையது என்பது. ஸ்லோவாக்கிய மண்ணில் இருப்பதெல்லாம் ஸ்லோவாக்கியாவுக்குச் சொந்தம் இல்லை. சேமிப்பு நிறுவனங்கள் இடத்தை வாடகைக்கு விடுகின்றன. வெளிநாட்டு வணிகர்களும் எடுத்து வைத்திருப்பார்கள். விலை ஏறினால் விற்றுவிடுவார்கள்.

மூன்றாவது, அது எந்தக் குழாயோடு சேர்ந்திருக்கிறது என்பது. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே ஹைடாக் என்று மத்திய ஐரோப்பாவின் பெரிய சேமிப்புகளில் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரிய மண்ணுக்கு அடியில் இருந்தாலும் 2022 வரை அது ஜெர்மன் கட்டமைப்போடு மட்டுமே இணைந்திருந்தது. அதில் ஒரு பங்கு காஸ்ப்ரோம் கையில் இருந்தது. 2021-22 குளிர்காலத்தில் அந்தப் பங்கை அது நிரப்பாமல் விட்டது. பிறகு ஆஸ்திரியா சட்டம் போட்டு அதைத் தன் கட்டமைப்போடு இணைக்க வைத்தது, காஸ்ப்ரோமிடமிருந்த இடத்தையும் எடுத்து வேறு நிறுவனத்திடம் கொடுத்தது. இதற்கு நேர்மாறாக, செக் மண்ணிலுள்ள டோல்னி போயனோவிட்சே சேமிப்பு நீண்டகாலம் ஸ்லோவாக்கியக் கட்டமைப்புக்கே வேலை செய்தது. எல்லைக்கோடு வரைபடத்தில் ஒன்று, குழாயில் வேறொன்று.

விதிகள் என்ன சொல்கின்றன?

2009 அடிக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது; 2017-இல் அதை இன்னும் இறுக்கியது. அதில் இரண்டு கருத்துகள் தெரிந்தால் போதும்.

ஒன்று 'N கழித்தல் ஒன்று' (N-1) என்ற சோதனை. நாட்டுக்கு வாயு வரும் வாயில்களில் மிகப் பெரியதை அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடிய கடுங்குளிர் நாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியுள்ள வாயில்களும் சேமிப்பும் சேர்ந்து அன்றைய தேவை முழுவதையும் தர முடிந்தால் நாடு தேறுகிறது. 2009-இல் நடைமுறையில் தோற்ற ஸ்லோவாக்கியா இன்று இதில் எளிதாகத் தேறிவிடும்.

எனக்கு இந்தச் சோதனை மேல் ஒரு குறை உண்டு. அது குழாயின் கொள்ளளவை எண்ணுகிறது; குழாயின் அந்தப் பக்கத்தில் வாயு இருக்கிறதா என்று கேட்பதில்லை. 2022 கோடையில் ஐரோப்பாவில் குழாய்க்குப் பஞ்சமில்லை. வாயுவுக்குத்தான் பஞ்சம். அதனால்தான் அந்த வருஷமே அவசரமாக இன்னொரு சட்டம் போட்டு, சேமிப்புகளை 2022 நவம்பருக்குள் 80 சதவீதமும், அடுத்த வருஷங்களில் 90 சதவீதமும் நிரப்ப வேண்டும் என்றார்கள்.

இன்னொன்று தோழமைக் கடமை. ஒரு நாட்டில் வீடுகளுக்கே வாயு போதவில்லை என்ற கடைசிக் கட்டத்தில், பக்கத்து நாடு தன் தொழிற்சாலைகளுக்குக் குறைத்தாவது அந்த வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். அதற்குரிய விலை கொடுக்கப்படும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. வேலையிழக்கும் தன் நாட்டுத் தொழிலாளியின் முன்னால் ஓர் அமைச்சர் இதை நிறைவேற்றுவாரா என்பது உண்மையான நெருக்கடியில்தான் தெரியும். இருந்தாலும் எழுதி வைத்தது நல்லது. கடல் இல்லாத நாட்டுக்கு அண்டை நாட்டின் சொல்லைவிட அண்டை நாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் மேல்.

துறைமுகம் இல்லாமல் கப்பல் வாயு

செக் குடியரசுக்கும் கடல் கிடையாது. 2022 வசந்தத்தில் அந்த நாடு பெருமளவு ரஷ்ய வாயுவையே நம்பியிருந்தது. அந்த வருஷம் நெதர்லாந்தின் ஏம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் மிதக்கும் எல்.என்.ஜி. முனையம் ஒன்று அமைந்தது. செக் நாட்டின் பெரிய மின் நிறுவனமான செஸ், அதில் ஆண்டுக்கு 300 கோடி கன மீட்டர் கொள்ளளவை ஐந்து ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்தது. செப்டம்பரில் முனையம் இயங்கத் தொடங்கியது.

அங்கே இறக்கிய அதே வாயு ப்ராக் நகருக்கு வந்து சேர வேண்டும் என்பதில்லை. வணிகர் நெதர்லாந்தில் கட்டமைப்புக்குள் இவ்வளவு போடுகிறார். செக் எல்லையில் அதே அளவை எடுக்கும் உரிமை பெறுகிறார். நடுவில் ஓடுவது நார்வேயின் வாயுவாக இருக்கலாம், அமெரிக்காவின் வாயுவாக இருக்கலாம். மீத்தேனில் ஊர் பெயர் எழுதியிருக்காது. ஸ்லோவாக்கியாவும் இதே முறையில்தான் மேற்கிலிருந்து வாங்குகிறது. போலந்து இணைப்பு வழியாக பால்டிக் கடல் முனையங்களின் வாயுவையும் எட்டலாம். அரசு வாயு நிறுவனமான எஸ்.பி.பி., 2025-க்கு முன்பாகவே பி.பி., எக்ஸான்மொபில், ஷெல், எனி, ஆர்.டபிள்யூ.இ. போன்ற மேற்கத்திய எரிசக்தி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது. 2025 ஜனவரி 1 அமைதியாகக் கழிந்ததற்கு இந்த முன்னேற்பாடும் ஒரு காரணம்.

அப்புறம், எல்லாச் செய்திக்கும் அடியில் இருக்கும் கணக்கு: கட்டணம். வாயு ஒவ்வொரு நாட்டுக் கட்டமைப்பிலும் நுழையும்போது ஒரு கட்டணம், வெளியேறும்போது ஒரு கட்டணம். கடற்கரை நாட்டுக்கு இது ஒரு முறை. உள்நாட்டுக்குள் அடைந்துகிடக்கும் நாட்டுக்கு இரண்டு, மூன்று முறை. 2022-இல் ஜெர்மனி தன் சேமிப்புகளை நிரப்ப ஆன பெரும் செலவை ஈடுகட்ட ஒரு வரி போட்டது. தன் நாட்டில் எரிக்கும் வாயு மீது மட்டுமல்லாமல், தன்னைத் தாண்டிப் போகும் வாயு மீதும் போட்டது. ஆஸ்திரியா, செக், ஸ்லோவாக்கியா எல்லாம் முறையிட்டன. ரஷ்ய வாயுவை விட்டு மேற்கே திரும்புங்கள் என்று சொல்லிவிட்டு மேற்குப் பாதையில் சுங்கம் வைத்தால் யார் திரும்புவார்கள்? அந்த முறையீடு முழுக்க நியாயமானது. எல்லை தாண்டும் வாயுவுக்கு அந்த வரி 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. உக்ரைன் வழி மூடிய அதே நாள்.

வழி மூடிய பிறகு

உக்ரைன் வழி ஒரே நாளில் தேய்ந்துவிடவில்லை. 2011-இல் பால்டிக் கடலுக்கு அடியில் நார்ட் ஸ்ட்ரீம் வந்தது, 2020-இல் கருங்கடலுக்கு அடியில் துர்க்ஸ்ட்ரீம் வந்தது. இரண்டும் உக்ரைனைச் சுற்றிப் போகக் கட்டியவை; சுற்றிப் போகும்போது ஸ்லோவாக்கியாவின் கடத்தல் வருமானத்தையும் சேர்த்தே குறைத்தன. 2019 டிசம்பரில் ரஷ்யாவும் உக்ரைனும் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2024-ஓடு முடிந்தது. போர் நடக்கும்போது எதிரியின் வாயுவை எங்கள் வழியே அனுப்பி அவனுக்குக் காசு சேர்த்துக் கொடுக்க மாட்டோம் என்று உக்ரைன் நீட்டிக்க மறுத்தது. ஃபிகோ டிசம்பர் 22 அன்று மாஸ்கோ போய் புதினைச் சந்தித்தார், பலன் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூரோ கடத்தல் வருமானம் போகிறது என்றார். உக்ரைனுக்குத் தரும் அவசர மின்சாரத்தை நிறுத்துவேன் என்றும் மிரட்டினார்.

அந்த மிரட்டலை நான் ஏற்கவில்லை. ஆனால் வருமான இழப்பு நிஜம். ஆண்டுக்கு 9,000 கோடி கன மீட்டருக்காகக் கட்டிய குழாய்த்தொகுதியைப் பராமரிக்கும் செலவு, அதில் ஓடும் வாயு குறைந்தால் அதே விகிதத்தில் குறையாது. முன்பு இத்தாலியும் ஜெர்மனியும் சேர்ந்து சுமந்ததை, இனி உள்ளூர் வாடிக்கையாளரும் மிச்சமிருக்கும் சிலரும் சுமக்க வேண்டும். வாயுவுக்குத் தட்டுப்பாடு இல்லை, அடுப்பும் அணையவில்லை, ஆனால் விலையில் அது வந்து சேரும். இந்த மாதிரி நாடுகளின் இன்றைய ஆபத்து பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரியா இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அங்குள்ள ஓ.எம்.வி. நிறுவனம் காஸ்ப்ரோமுக்கு எதிரான வழக்கில் 23 கோடி யூரோ வென்றது. அதைத் தர வேண்டிய வாயுப் பணத்தில் கழித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 நவம்பர் 16 அன்று காஸ்ப்ரோம் வாயுவை நிறுத்தியது. ஆஸ்திரியாவின் சேமிப்புக் கொள்ளளவு ஏறக்குறைய அதன் ஓராண்டுத் தேவைக்குச் சமம். ஜெர்மனி, இத்தாலி வழிகளும் இருந்தன. யாரும் குளிரில் வாடவில்லை.

மால்டோவாவின் கதை அப்படி முடியவில்லை. அதுவும் கடலில்லாத நாடு. அதன் கிழக்குப் பட்டையான டிரான்ஸ்னிஸ்திரியா, ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் கையில் இருக்கிறது. பல வருஷமாக ரஷ்ய வாயுவைக் காசு கொடுக்காமலே எரித்து வந்தது. 2025 ஜனவரி 1 அன்று அங்கே வீடுகளுக்குச் சூடும் வெந்நீரும் நின்றன. உணவு ஆலைகளைத் தவிர மற்றவை மூடின. துருக்கி, பல்கேரியா, ருமேனியா வழியாக வாயு அனுப்பப் பாதை இருந்தது. மால்டோவாவின் கடன் பாக்கியைக் காரணம் காட்டி காஸ்ப்ரோம் அனுப்பவில்லை. டினிஸ்டர் ஆற்றின் மறுகரையில், மால்டோவா அரசின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதி, ருமேனியாவோடு குழாய் இணைத்து ஐரோப்பியச் சந்தையில் வாங்கிப் பழகியிருந்ததால் அந்தக் குளிரில் வாயு இல்லாமல் தவிக்கவில்லை. மின்சாரத்துக்குத்தான் அதிக விலை கொடுத்தது. ஒரே நாடு, ஒரே நாள், இரண்டு கரைகளில் இரண்டு நிலை. பாதை இருந்தும், பணம் கொடுத்து வாங்கும் ஒப்பந்தம் இல்லையென்றால் குழாய் வெறும் இரும்புதான்.

ஸ்லோவாக்கியா ரஷ்ய வாயுவை இன்னும் விடவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து துர்க்ஸ்ட்ரீம் வழியாக, துருக்கி, பல்கேரியா, செர்பியா, ஹங்கேரி என்று நான்கு நாடுகளைத் தாண்டி, தெற்கிலிருந்து வாங்குகிறது. 2015-இல் திறந்த அந்த ஹங்கேரி இணைப்பு, ரஷ்ய வாயுவைச் சாராமல் இருக்க உதவும் என்று பேசப்பட்டது. இன்று அதே குழாய் ரஷ்ய வாயுவைக் கொண்டுவருகிறது. எஸ்.பி.பி.யின் காஸ்ப்ரோம் ஒப்பந்தம் 2034 வரை ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2027 இலையுதிர்காலத்தோடு குழாய்வழி ரஷ்ய வாயுவுக்குத் தடை என்று சட்டம் செய்துவிட்டது. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் அதை எதிர்த்து வாக்களித்தன.

ஆக, இடையில் ஏழு வருஷம் இருக்கிறது. எடுக்காத வாயுவுக்கு காஸ்ப்ரோம் பணம் கேட்டால் யார் தருவது, மேற்கிலிருந்து வரும் வாயுவின் கூடுதல் கட்டணத்தை வீடுகள் சுமப்பதா அரசு சுமப்பதா, பெரும்பகுதி காலியாகக் கிடக்கும் கிழக்குக் குழாயை உக்ரைனுக்கு வாயு அனுப்பும் பாதையாக வைத்துக்கொள்வதா மூடிவிடுவதா என்பவைதான் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் இனி முடிவாக வேண்டியவை. 2027 நவம்பரில் ஸ்லோவாக்கிய வீடுகளுக்குப் போதிய வாயு வரும் என்றுதான் நான் நம்புகிறேன். வால்வுகளும் இணைப்புகளும் சேமிப்பும் தயாராக இருக்கின்றன. பில் எவ்வளவு வரும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.